மரம் கழிக்கும் டெண்டரில் ஆளுக்கும் ஒரு வரி எழுதுங்கள்

சாலையோர மரங்களைக் கழிக்க மதிப்பீடு தயாரித்து டெண்டர் விடும் நகராட்சி, மாநகராட்சி, நெடுஞ்சாலை, மின்வாரியப் பொறியாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் மதிப்பீட்டில், மரத்தில் ஏறி அறுக்கும் எங்கள் வேலைக்கு இரண்டு மூன்று வரிகள் இருக்கும். இத்தனை மரம், இத்தனை லோடு, அப்புறப்படுத்தும் செலவு உட்பட இவ்வளவு ரூபாய். மரத்தில் யார் ஏறுவார், எதைக் கட்டிக்கொண்டு ஏறுவார், கிளையை எந்த இடத்தில் அறுப்பார் என்பதற்கு ஒரு சொல்கூட இருந்ததாக, நான் வேலை பார்த்த எந்த ஒப்பந்தத்திலும் கேள்விப்பட்டதில்லை. டெண்டரில் இல்லாததை ஒப்பந்தக்காரர் வாங்கித் தரமாட்டார். அவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. குறைந்த தொகை கேட்டவருக்குத்தான் வேலை. நல்ல கயிறும் ஹெல்மெட்டும் சேர்த்துக் கணக்குப் போட்டவர் தொகைப் பட்டியலில் கீழே போய்விடுவார். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நாங்கள் கையில் பிடிக்கும் செயின் ரம்பத்தைச் சற்று அருகில் வந்து பாருங்கள். முழு வேகத்தில் அதன் செயின் வினாடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடும். செயின் சுற்றி ஓடும் நீண்ட இரும்புப் பட்டையான பாரின் நுனியில் மேற்பாதி ஏதாவது கிளையில் இடித்தால் போதும், இயந்திரம் அப்படியே எகிறி ஆளின் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். சுதாரிக்க நேரமே இருக்காது. அதற்காகத்தான் முன் கைப்பிடிக்கு எதிரே ஒரு தகடு வைத்து, அதில் கை பட்டதும் செயின் நிற்கும்படி பிரேக் அமைத்திருக்கிறார்கள். அந்தத் தகடு உடைந்துபோன இயந்திரங்களும், பிரேக் பிடிக்காத இயந்திரங்களும் இன்றைக்கும் அரசு வேலையில் ஓடுகின்றன. குப்பை அள்ளும் லாரிக்கு எஃப்.சி. இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். ரம்பத்தின் பிரேக் வேலை செய்கிறதா என்று வேலை தொடங்குமுன் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

செயின் மழுங்குவது இன்னொரு கதை. தீட்டிய செயின் மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கினால் மாவுபோலத் தூள்தான் கொட்டும். தூளைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தி, உருண்டை அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்ட வேண்டும் என்பது வேலை தெரிந்த எல்லோருக்கும் தெரியும். லோடு கணக்கில் கூலி என்றால் யார் நிறுத்துவார்? பலத்தைப் போட்டு அழுத்தி அறுப்பார்கள். அழுத்திக்கொண்டிருக்கும்போது கிளை சட்டென்று விட்டுவிட்டால், அந்த வேகத்திலேயே ஆளும் முன்னால் சாய்வார். கீழே நிற்பவர் என்றால் தொடையில் வெட்டு. மேலே இருப்பவர் என்றால் சொல்ல வேண்டியதில்லை. தொடைக்கென்றே உறை விற்கிறது. செயின் பட்டதும் அதற்குள் இருக்கும் நீளமான நார்கள் வெளியே இழுபட்டு இயந்திரத்தின் பல்சக்கரத்தில் சுற்றி, செயினை நிறுத்திவிடும். நம் ஊர் வெயிலில் முழுக் கால்சட்டை தாங்காது, ஒப்புக்கொள்கிறேன். முன்பக்கம் மட்டும் மறைக்கும் வகையும் உண்டு, அது போதும்.

மரத்தின் மேல் ரம்பத்தை ஓட்டுபவருக்கு இரண்டு பிடிமானம் வேண்டும். இடுப்பைச் சுற்றி வருவது உள்ளே இரும்புக்கம்பி ஓடும் கயிறாக இருக்க வேண்டும். நைலான் கயிற்றைச் செயின் தொட்டாலே அறுத்துவிடும். ஏறியவர் அடிபட்டு மேலேயே தொங்கினால் அவரை இறக்கத் தெரிந்த இன்னொருவர், தனிக் கயிற்றோடு கீழே இருக்க வேண்டும். பிரிட்டனில் மரமேறும் வேலைக்கு இது அடிப்படை நியதி. அங்கே மரத்தில் செயின் ரம்பம் ஓட்டுபவர் தகுதிச் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும்.

மின்கம்பியை ஒட்டிய கிளைகளுக்கு எல்.சி. (லைன் கிளியர், அதாவது லைனில் மின்சாரத்தை நிறுத்தித் தரும் அனுமதி) வாங்காமல் ஏறக் கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் போனில் வாய்வார்த்தையாக வரும் எல்.சி.யை நம்பி எத்தனையோ பேர் ஏறுகிறார்கள். லைனை நிறுத்திய பிறகும், தெருவில் யாரோ ஒருவர் முறையாக இணைக்காத ஜெனரேட்டரை ஓட்டினால் அதே கம்பியில் மின்சாரம் திரும்பி வரும். எர்த் செய்துவிட்டு, எல்.சி. எண்ணைக் காகிதத்தில் எழுதித் தரையில் நிற்கும் மேஸ்திரியிடம் கொடுங்கள்.

இனி மரத்தைப் பற்றி. கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம்போல ஒரு தடிப்பு இருக்கும். அதை விட்டு, அதற்குச் சற்று வெளியே அறுத்தால் மரம் தானே காயத்தை மூடிக்கொள்ளும். கனமான கிளை என்றால் முதலில் அடியில் கொஞ்சம், பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து முழுதாக, கடைசியில் மிச்சமிருக்கும் கட்டை என்று மூன்று அறுப்பு. ஒரே அறுப்பில் முடித்தால் கிளை விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். மூன்று அறுப்புக்கு நேரம் பிடிக்கும்; மொட்டையடித்துவிட்டால் லோடும் கூடும், வேலையும் சீக்கிரம் முடியும். மொட்டையடித்த தூங்குமூஞ்சி மரமும் குல்மொகரும் அடுத்த பருவத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்ப்பதைப் பார்த்து மரம் பிழைத்துவிட்டது என்று நினைக்கிறோம். அந்தத் துளிர்கள் மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கும். தடித்து வளர்ந்த பின் பெருங்காற்றில் முறிந்து விழுபவை அவைதான். இதோடு, வடிகால் தோண்டும்போது ஒரு பக்க வேர் முழுவதையும் வெட்டி, மீதிக்குக் கான்கிரீட் பூசிய மரம் எப்படி நிற்கும்?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா டெல்டாவின் தென்னந்தோப்புகளையே படுக்க வைத்தது. எங்கள் வேலையில் மிக ஆபத்தானது அந்த நாட்கள்தான். வேரோடு சாய்ந்த மரம் பார்வைக்கு அடங்கிக் கிடக்கும். அடிமரத்தை அறுத்து எடை குறைந்ததும், நிமிர்ந்து நிற்கும் வேர்த்தட்டு மண்ணோடு மீண்டும் குழிக்குள் விழுந்து உட்காரும். அந்த நேரத்தில் குழியில் நிழலுக்காக ஒதுங்கியவரோ வேடிக்கை பார்க்கும் பிள்ளையோ இருந்தால் தப்ப வழியில்லை. வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளையில் எந்தப் பக்கம் இழுவிசை, எந்தப் பக்கம் அழுத்தம் என்று பார்க்காமல் அறுத்தால் அது விசிறி அடிக்கும். இதெல்லாம் பழகியவர்களுக்கே கடினம். ஆனால் புயல் மறுநாள், சாலையை உடனே திறக்க வேண்டும் என்ற அவசரத்தில், ரம்பத்தைத் தொட்டே பார்க்காதவர் கையில் அதைக் கொடுத்துவிடுகிறார்கள்.

தென்னை ஏறுபவர்களுக்காகத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் பயிற்சித் திட்டம் தொடங்கியது. விபத்துக் காப்பீடும் இருக்கிறது. சாலையோர மரம் அறுப்பவருக்கு அப்படி ஒரு பயிற்சி நடந்து நான் பார்த்ததில்லை. தென்னைக்கு முடிந்தது இதற்கும் முடியும்.

அடுத்த டெண்டரில் இவற்றை எழுதுங்கள்: பிரேக் சரியாக உள்ள ரம்பம், ஹெல்மெட், காது மூடி, தொடை உறை, இரண்டு பிடிமானம், கீழே மீட்பு ஆள், எழுத்தில் எல்.சி., விபத்துக் காப்பீடு. இவற்றுக்கான தொகையைத் தனி வரியாகக் காட்டி, ஏலத்தில் குறைக்க முடியாதபடி வையுங்கள். கூலியை லோடு கணக்கிலிருந்து மரக் கணக்குக்கு மாற்றி, வெட்டுவாய் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு பில் போடுங்கள். வேலையை அக்டோபர் மழைக்கு முன், கோடையிலேயே முடியுங்கள். நிபந்தனைகளை எழுத உதவி வேண்டுமானால் கூப்பிடுங்கள். ஏதாவது ஒரு மரத்தடியில் வைத்து ஒவ்வொன்றையும் செய்து காட்ட எங்களில் பலர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மரம் அறுக்கும் தொழிலாளி ஒருவர்