அந்த இரண்டு விரல்கள்

அன்புள்ள செல்வராணி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மணிக்கட்டுக் கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று படித்ததும் மனசு லேசானது. அடுத்த வரியிலேயே, மோதிரவிரலும் சுண்டுவிரலும் சொன்ன பேச்சு கேட்கவில்லை, பியானோவைத் துணி போட்டு மூடிவிட்டேன் என்கிறாய். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. பியானோ கலைஞர் லியான் ஃப்ளைஷரையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். ஹாஸ்டலில் நாம் தேயத் தேயக் கேட்ட பிராம்ஸ் கேசட்டில் வாசித்தவர்.

1928-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். 9 வயதில் ஆர்தர் ஷ்னாபெலிடம் மாணவனாகச் சேர்ந்தார். ஷ்னாபெலுக்கு ஆசிரியர் லெஷெடிட்ஸ்கி, அவருக்குச் செர்னி, செர்னிக்குப் பீத்தோவன். 16 வயதில் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்ட்டோவை வாசித்தார். 1952-ல் பிரஸ்ஸல்ஸில் எலிசபெத் ராணி போட்டியில் முதல் பரிசு. பிறகு ஜார்ஜ் செல் நடத்திய க்ளீவ்லாந்து இசைக்குழுவோடு பீத்தோவன் கான்செர்ட்டோ ஐந்தும் பதிவானது. நம் கேசட்டும் அந்தக் கூட்டணியில் வந்ததுதான்.

அதற்குப் பிறகுதான் வலது கையில் உனக்கு மக்கர் செய்கிற அதே இரண்டு விரல்கள் தாமாக உள்ளே மடங்க ஆரம்பித்தன. அப்போது வயது 36. 1965-ல் க்ளீவ்லாந்து குழுவோடு சோவியத் நாட்டுக்குக் கிளம்ப வேண்டியவர், அந்தப் பயணத்தையே விட்டுவிட்டார். என்ன நோய் என்று பெயர் தெரியவே இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆனது: டிஸ்டோனியா. எலும்பிலும் தசையிலும் பழுதில்லை, மூளையிலிருந்து விரலுக்குப் போகிற உத்தரவு குழம்பிவிடுகிறது. உனக்கு அது இல்லை, வெறும் விறைப்புதான் என்று டாக்டரே சொல்லிவிட்டாரே. பிசியோதெரபியை ஒரு நாளும் விடாதே.

அந்த வருஷங்களில் உயிரை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். தாடி வளர்த்தார், தலைமுடியைக் குதிரைவால் கட்டினார், வெஸ்பா ஸ்கூட்டர் ஒன்று வாங்கிச் சுற்றினார். ஆனால் பால்டிமோரில் பீபடி கல்லூரியில் சொல்லிக்கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். கை நன்றாக இருந்தவரை, மாணவன் தடுமாறினால் 'தள்ளி உட்கார், இப்படி' என்று வாசித்தே காட்டிவிடலாம். கை போன பிறகு வாயால்தான் சொல்ல வேண்டும். ஒரு சுரம் எதற்காகக் காத்திருக்கிறது, எங்கே மூச்சு விடுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் வார்த்தை தேட வேண்டியிருந்தது. அப்படித் தேடித் தேடித்தான் நல்ல ஆசிரியரானதாக அவரே சொல்லியிருக்கிறார். நான் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியே பாடம் நடத்துகிறேன். போன வாரம் கையைக் கட்டிக்கொண்டு ஒரு வகுப்பு எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா!

மேடையில் இடது கைக்கென்று எழுதிய இசையை எடுத்துக்கொண்டார். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைனுக்காக ராவெல் எழுதிய கான்செர்ட்டோவைக் கேட்டிருக்கிறாய் அல்லவா? வலது கையில் மெட்டு வருவது சுண்டுவிரல் பக்கம், அதாவது நோஞ்சான் பக்கம். இடது கையிலோ மேல்பக்கம் இருப்பது கட்டைவிரல். பலமான விரலுக்கு மெட்டு வந்துவிடுகிறது. அடியில் பேஸ் சுரத்தைத் தொட்டு, அது நின்று ஒலிக்கப் பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு, கை மேலே தாவலாம். கண்ணை மூடிக் கேட்டால் இரண்டு கை என்றே சத்தியம் செய்வாய்.

பாக் தனி வயலினுக்கு எழுதிய ஷகோனை பிராம்ஸ் பியானோவில் இடது கைக்கு மட்டும் மாற்றி எழுதி, தன் தோழியான பியானோ கலைஞர் கிளாரா ஷூமானுக்கு அனுப்பினார். அது போய்ச் சேர்ந்த நேரம், கிளாரா ஒரு டிராயரை இழுத்து வலது கையைச் சுளுக்கிக்கொண்டிருந்தாராம்! ஃப்ளைஷரும் அதை வாசித்திருக்கிறார்.

1990-களில் போடாக்ஸ் ஊசியும் ஆழமான மசாஜும் விரல்களைக் கொஞ்சம் தளர்த்தின. 2004-ல் 'டூ ஹேண்ட்ஸ்' என்று இரண்டு கையாலும் வாசித்த இசைத்தட்டு வந்தது. நோய் முழுசாகப் போகவில்லை, ஊசி தொடர்ந்தது. அதில் ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டாவைக் கேள். ஆரம்பத்தில் மெட்டு மெதுவாக நடந்து வரும். நின்றதும் அடியில் தூரத்து இடி மாதிரி ஒரு டிரில், பக்கத்துப் பக்கத்துச் சுரம் இரண்டு மாறி மாறி அதிர்வது, உருளும். அதற்குப் பின்னால் அவர் விடுகிற அமைதி இருக்கிறதே, அவசரமே இல்லாத அமைதி, அதைக் கேட்டு அழுதுவிட்டேன். 2020-ல், 92 வயதில்தான் போனார். கடைசிவரை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஷகோனின் முதல் இரண்டு பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். விரல் எண்களைப் பென்சிலில் போட்டிருக்கிறேன், உன் கைக்குச் சரிவராவிட்டால் அழித்துவிடு. டிசம்பர் முதல் வாரம் வருகிறேன். அதற்குள் டியூனரைக் கூப்பிட்டுவிடு, மழைக்கு உன் பியானோவின் சுருதி கலைந்திருக்கும். கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்குக் கீழ்க்குரல்களான பேஸையும் டெனரையும் நீ இடது கையால் பிடித்துக்கொள். மேல்குரல்களான சோப்ரானோவும் ஆல்ட்டோவும் நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த பெஞ்சில் இரண்டு பேருக்கு இடம் போதும்.

அன்புடன்,
மெர்சி