இரவு தங்குகிறவர்களை எண்ணு, கதிர்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி

அன்பு மகன் கதிருக்கு,

நீ அனுப்பிய சுற்றுலாத் திட்ட அறிக்கையைச் செல்போனில் படிக்க முடியவில்லை. முனைக்கடையில் கொடுத்து அச்செடுத்து வந்து இரண்டு முறை படித்துவிட்டேன். மேகாலயாவில் நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் அந்தப் பள்ளத்தாக்குக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை ஐந்து ஆண்டுகளில் இரட்டிப்பாக வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அந்த ஓர் எண்ணுக்காகவே: இத்தனை பஸ் நிறுத்த இடம், இத்தனை கடை, ஊர் முகப்பில் ஒரு சிமெண்ட் வளைவு. அந்த ஊரில் ஓர் இரவுக்கு எத்தனை பேர் தங்குவார்கள் என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். எங்கும் இல்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் யாராவது உன்னைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரெஞ்சுப் பயணிகளை அழைத்துக்கொண்டு சுற்றியவள் நான். மாமல்லபுரம், புதுச்சேரி, தஞ்சாவூர், காரைக்குடி, மதுரை, தேக்கடி, குமரகம், கொச்சி. இந்த வரிசையில் எத்தனை முறை போய் வந்தேன் என்பதற்குக் கணக்கில்லை. உன்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் பதினைந்து நாள் போய்விடுவேன். நீ வாசற்படியில் நின்று அழாமல் கையசைப்பாய். பஸ் ஏறிய பிறகு எனக்குத்தான் அழுகை வரும். அப்படிச் சம்பாதித்த அறிவை உனக்குத் தராமல் வேறு யாருக்குத் தரப்போகிறேன்?

1951-இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறக்குறைய 17,000 பேர். 2019-இல் அது 1 கோடியே 9 லட்சத்தைத் தொட்டது. நாங்கள் கைடு தொழிலுக்கு வந்தபோது சுற்றுலாப் பயணி என்றாலே வெளிநாட்டுக்காரர் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அது பெரிய தவறு. 2020 மார்ச்சில் விசாக்களை நிறுத்தினார்கள். ஒன்றரை ஆண்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து ஒரு சுற்றுலாப் பயணிகூட வர முடியவில்லை. நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஊரடங்கு தளர்ந்ததும் மாமல்லபுரத்துக்கு முதலில் வந்தவர்கள் யார் தெரியுமா? செங்கல்பட்டிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்த நம் மக்கள்தான். சங்கு விற்கிறவர்களும் இளநீர்க்காரர்களும் பிழைத்தது அவர்களால்தான். நம் நாட்டுக்குள்ளேயே ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கோ, ஊர்விட்டு ஊரோ போய்ப் பார்க்கிற பயணங்கள் ஆண்டுக்கு 200 கோடிக்கும் மேல். உன் அறிக்கையில் அவர்களுக்குக் கொடுத்திருக்கிற இடம் வெறும் முக்கால் பக்கம். அதை முதலில் மாற்று.

இந்த நாட்டில் பயணத்தை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. காசிக்கும் ராமேசுவரத்துக்கும் மக்கள் கால்நடையாகப் போய் வந்த காலத்திலேயே வழியெங்கும் சத்திரங்கள் இருந்தன. காசியில் நகரத்தார் சத்திரம் இன்றும் நடக்கிறது. வேற்று மொழிக்காரன் வந்து இறங்கினாலும் அவனுக்குத் தெரிந்த சோறும் படுக்க ஒரு திண்ணையும் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் இத்தனை மொழி பேசுகிறவர்களை ஒரு நாட்டுக்காரர்களாக நடமாட வைத்தது. சத்திரம் கட்டியவர்கள் தலையை எண்ணவில்லை. படுக்கையையும் இலையையும்தான் எண்ணினார்கள். நான் சொல்ல வருவதும் அதுதான்.

ஆக்ராவைப் பார். தாஜ்மகாலைவிடப் புகழ்பெற்ற இடம் இந்தியாவில் வேறெதுவும் இல்லை. 2012-இல் கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ராவரை 165 கிலோமீட்டர் விரைவுச்சாலை திறந்தது. 2016-இல் டில்லியிலிருந்து அதிவேக ரயிலும் வந்தது. சாலையும் ரயிலும் வேண்டியவைதான், அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் டில்லியில் காலைச் சிற்றுண்டி, ஆக்ராவில் இரண்டு மணி நேரம், இரவுச் சாப்பாட்டுக்கு மறுபடி டில்லி என்று பயணம் சுருங்கிவிட்டது. என்னோடு பயிற்சி பெற்ற தோழி ஒருத்தி அங்கே கைடாக இருந்தாள். வருகிறவர்கள் பெருகினார்கள், ஆனால் தங்குகிறவர்கள் குறைந்தார்கள் என்று வேதனையோடு சொல்வாள். பளிங்கில் பூ பதிக்கிற கைவினைஞரின் தெருவுக்கு ஒரு குழுவை அழைத்துப்போக அவளுக்கு நேரமே கிடைப்பதில்லை. வாகனம் திரும்ப வேண்டிய மணி ஒன்றுதான் எல்லாரையும் விரட்டுகிறது.

இரவு தங்கினால் என்ன நடக்கும் என்பதை நான் காரைக்குடியில் பார்த்தேன். தொடக்கத்தில் எங்கள் நிரலில் காரைக்குடி மதியச் சாப்பாட்டுக்கு மட்டும்தான். தஞ்சாவூரிலிருந்து மதுரை போகிற வழியில் இறங்கி, கானாடுகாத்தானில் ஒரு வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு ஏறிவிடுவோம். பிறகு செட்டிநாட்டு வீடுகள் சில தங்கும் விடுதிகளானபோது இரண்டு இரவுகள் ஆயிற்று. முதல் நாள் இரவுச் சாப்பாட்டை எல்லாரும் தயங்கித்தான் சாப்பிடுவார்கள். மறுநாள் காலையில் தெருவில் கோலம் போடுகிறவர்களிடம் போய் நிற்பார்கள். பால்காரர் நிறுத்துவார். சலவைக்கு ஆள் வருவார். பூக்காரி வருவாள். மாலையில் ஆட்டோ பிடித்துச் சந்தைக்குப் போவார்கள். விடுதிக் கட்டணம் ஒருவர் கைக்குப் போகிறது, உண்மைதான். ஆனால் அந்த ஓர் இரவைச் சுற்றிப் பத்து இருபது கைகளுக்குக் காசு போய்ச் சேர்கிறது. மதியம் சாப்பிட்டுவிட்டுப் போகிற பஸ்ஸிலிருந்து அந்தக் கைகளுக்கு ஒன்றும் விழாது.

ஆத்தங்குடியில் ஓடு செய்கிற பட்டறைக்கு அப்படித்தான் நிதானமாகப் போக முடிந்தது. நீ சிறுவனாக இருந்தபோது ஒருமுறை உன்னையும் அழைத்துப் போனேன், நினைவிருக்கிறதா? ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்குவார்கள். அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு நிறக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார்கள். கை நடுங்காமல் அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், ஆனால் கலக்காது. அதன் மேல் உலர்ந்த கலவையைத் தூவி, சாந்து போட்டு மட்டம் செய்வார்கள். காய்ந்த பிறகு சில நாள் தொட்டித் தண்ணீரில் ஊறும். கண்ணாடியைப் பிரிக்கும்போதுதான் அந்தப் பளபளப்பு தெரியும். லியோன் நகரத்திலிருந்து வந்த எழுபது வயது அம்மா ஒருவர் அங்கே அரை நாள் உட்கார்ந்துவிட்டார். தானே ஒரு ஓட்டுக்கு நிறம் ஊற்றினார், அது கொஞ்சம் கலங்கிப்போயிற்று. பட்டறைக்காரர் அதைத் தூக்கிப் போடாமல் ஊறவைத்து, காரைக்குடியிலிருந்து எங்கள் பஸ் கிளம்புவதற்குள் சரியான ஓடு ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். அந்த அம்மா எனக்கு ஆண்டுதோறும் எழுதிய கடிதங்களில் தஞ்சைப் பெரிய கோவிலைவிட அந்த ஓடுதான் அதிகம் வந்தது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். தொழிலின் முதல் பத்து ஆண்டுகள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய கைவினைக் கடைக்கு என் குழுக்களை அழைத்துப்போய்க் கமிஷன் வாங்கியிருக்கிறேன். எல்லாரும் வாங்கினார்கள், உன் பள்ளிக் கட்டணம் சில ஆண்டுகள் அதிலிருந்துதான் போயிற்று. அதே நேரத்தில் மாமல்லபுரத்துத் தெருக்களில் உளி பிடித்தவர்கள் வாசலில் உட்கார்ந்து, எங்கள் பஸ் நிற்காமல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1957-இல் சிற்பக் கல்லூரி தொடங்கிய ஊர் அது. அந்தக் கல்வேலைக்குப் பின்னாளில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒருநாள் ஒரு சிற்பி என்னிடம், “கடையில் நீங்கள் காட்டுகிற அந்த நந்தி நான் செய்ததுதான் அம்மா” என்றார். என்ன விலைக்குக் கொடுத்தார் என்று சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை. அன்றோடு கடைக்குப் போவதை நிறுத்தினேன். உன் திட்டத்தில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நாற்பது கடைகள் ஏலம் விடப்படும் என்று இருக்கிறதே, அந்த ஏலத்தில் கூடை முடைகிறவர் கலந்துகொள்ள முடியுமா என்று யோசித்துப் பார்.

எண்ணிக்கையைத் துரத்தினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு நீலகிரி போதும். ஊட்டிக்கு ஆள் சேர்க்க எத்தனை விளம்பரம், எத்தனை கோடை விழா! கடைசியில் 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டுக் கோடையில் வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் கட்டினார்கள். மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்பதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டாமா? நம் புதுச்சேரியும் அந்த வழியில்தான் போகிறது. சனிக்கிழமை மாலை மிஷன் வீதியைக் கடக்கப் பாட்டி இப்போது பயப்படுகிறார். திங்கட்கிழமை காலையில் கடற்கரைப் பாறை இடுக்குகளில் துப்புரவுப் பெண்கள் குனிந்து குனிந்து பாட்டில் பொறுக்குவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

சரியாகச் செய்ததும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்துக் குமரகத்தில் 2008 வாக்கில் ஊராட்சியும் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்களும் ஹோட்டல்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து, ஹோட்டல் சமையலறைக்கு வேண்டிய காய்கறியை உள்ளூரிலேயே வாங்க ஏற்பாடு செய்தார்கள். கயிறு திரிக்கிற வீட்டுக்கும், தாழைப்பாய் முடைகிற வீட்டுக்கும் பயணிகளை அழைத்துப்போய், அந்த வீட்டுக்காரர் கையிலேயே பணத்தைக் கொடுத்தார்கள். 2017-இல் கேரள அரசு இதை மாநிலம் முழுவதற்குமான இயக்கமாக ஆக்கியது. குமரகத்தை அப்படியே மேகாலயாவில் வை என்று சொல்லவில்லை. அதுவும் தப்பாகிவிடும். எந்த ஊருக்குப் போனாலும் அதே ‘ஐ லவ்’ பலகை, அதே நீரூற்று, அதே உணவுக்கூடம் என்று ஆக்கிவிட்டார்கள். நாகாலாந்தில் கொனோமா ஊர்க்காரர்கள் வேட்டையை நிறுத்தி, 1998-இல் தங்கள் காட்டைத் தாங்களே சரணாலயம் ஆக்கினார்கள். அது அவர்கள் எடுத்த முடிவு. உன் பள்ளத்தாக்கில் இருப்பவர்களும் அப்படி ஒரு முடிவுக்கு வர நீ காத்திருக்க வேண்டும்.

போன நவம்பரில் உயிருள்ள வேர்ப்பாலத்தைப் பார்க்க நீ என்னை நோங்கிரியட் ஊருக்கு அழைத்துப்போனாயே, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். என் முழங்கால் இன்னும் அதை மறக்கவில்லை, ஆனால் போயிருக்காவிட்டால் வாழ்நாள் முழுக்க வருந்தியிருப்பேன். ரப்பர் அத்தியின் வேரைக் கமுகு மரத்தின் உள்கூட்டில் விட்டு ஓடையின் மறுகரைக்கு அனுப்பி, அது மண்ணைப் பிடித்துத் தடிக்கும்வரை பல ஆண்டுகள் காத்திருப்பார்கள் என்று அந்தப் பெரியவர் சொன்னார். அந்தப் பாலத்தின் மேல் ஒரே நேரத்தில் முப்பது பேர் ஏறிப் படம் எடுத்ததையும் பார்த்தோம். உன் அறிக்கையில் அந்தப் பாலத்துக்கு ஒரு வரம்பு எழுதியிருக்கிறாயா?

நாம் தங்கிய வீட்டம்மா சோறு போடுவதற்கு முன்பே வெற்றிலையும் சுண்ணாம்பும் பச்சைப் பாக்கும் நீட்டினார். ‘குவாய்’ என்றார். நம் வீட்டுத் தாம்பாளம்தான்! மென்ற உடனே காது சூடேறி வியர்த்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே என் முதுகைத் தடவிக்கொடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கசி மொழி தெரியாது, நீயும் வெளியே போயிருந்தாய். இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். காலையில் வந்து மாலையில் படியேறிப் போனவர்கள் யாருக்கும் அது கிடைத்திருக்காது.

அங்கே வீடு கடைசி மகளுக்குப் போகும் என்று நீதான் சொன்னாய். ஆனால் ஊர்ச்சபையான தர்பாரில் மரபுப்படி ஆண்கள்தான் உட்காருகிறார்கள் என்றும் சொன்னாய். உங்கள் குழு தர்பாரோடு ஆறு கூட்டம் நடத்தியதாக அறிக்கை சொல்கிறது. சமைக்கிறவர்கள், படுக்கை விரிக்கிறவர்கள், தண்ணீர் சுமக்கிறவர்கள் பெண்கள். அவர்களைத் தனியாக அடுப்பங்கரையில் போய்க் கேள். எத்தனை விருந்தாளி வந்தால் அவர்களால் முகம் சுளிக்காமல் சோறு போட முடியும் என்று அவர்கள் சொல்வார்கள். அந்த எண்ணை உன் முதல் பக்கத்தில் போடு. வெளியாள் நிலம் வாங்க முடியாதபடி 1971-லேயே மேகாலயாவில் சட்டம் போட்டிருக்கிறார்கள். பெரிய ஹோட்டலுக்காக நீண்ட காலக் குத்தகை என்று உங்கள் எழுபத்திரண்டாம் பக்கத்தில் வருகிறதே, அதை உன் கையால் எழுதாதே, கண்ணு.

கழிப்பறையைப் பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள். தஞ்சாவூருக்கும் காரைக்குடிக்கும் நடுவில் அறுபது வயதுப் பெண்கள் பதினெட்டுப் பேருக்குச் சுத்தமான கழிப்பறை தேடி நான் அலைந்த மதியங்களை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழித்துவிடுவார்கள், நானும் அப்படித்தான். சிமெண்ட் வளைவுக்கு வைத்த பணத்தை இதற்கு மாற்று. சுத்தம் செய்கிறவருக்கு மாதச் சம்பளமும் அதிலேயே எழுது.

திருத்தங்களோடு அறிக்கைத் தாள்களைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கூடவே ஒரு பார்சலும் வரும். கம்பளி உனக்கு. முறுக்கு அச்சு நோங்கிரியட் வீட்டம்மாவுக்கு. அரிசி மாவும் எள்ளும் அங்கேயே கிடைக்கும், மாவு பதத்தை நான் கையால் காட்டியது அவருக்கு நினைவிருக்கும். நீயே இறங்கிப்போய்க் கொடு, அன்றிரவு அங்கேயே தங்கு. மழை விட்டிருந்தாலும் படிகளில் பாசி இருக்கும், கோல் எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா