ஆப்பிரிக்காவின் வளரும் அணிகளுக்கு ஆண்டுதோறும் ஒரு கோப்பை வேண்டும்: ஒரு திறந்த மடல்

சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் நிர்வாகிகளுக்கும் ஆப்பிரிக்க கிரிக்கெட் சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஆப்பிரிக்கக் கண்டத்தின் வளரும் தேசிய அணிகளுக்கென, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றோடு பிணைக்கப்படாத, ஆண்டு தவறாமல் நடக்கிற, தரவாரியாகப் பிரிக்கப்பட்ட ஒரு போட்டித் தொடரை நீங்கள் இரு தரப்பினரும் சேர்ந்து தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

சென்னையில் இருந்து எழுதுபவனுக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். 2011 பிப்ரவரி 20 அன்று எங்கள் சேப்பாக்கம் மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் கென்ய அணி 69 ரன்னுக்குச் சுருண்டது. நியூசிலாந்து ஒரு விக்கெட்டையும் இழக்காமல் வென்றது. அதற்குச் சரியாக எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 2003 பிப்ரவரியில், அதே கென்யா நைரோபியில் இலங்கையை 53 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தியிருந்தது. காலின்ஸ் ஒபுயா 24 ரன் மட்டுமே கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். அந்த அணி அரையிறுதி வரை சென்றது. பாதுகாப்பைக் காரணம் காட்டி நியூசிலாந்து நைரோபிக்கு வராததால் கிடைத்த புள்ளிகளும் அதற்கு உதவின என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அரையிறுதி ஆடிய அணிக்கு 2004, 2005 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்துக் கிடைத்த ஒருநாள் சர்வதேச ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணும் அளவே என்பது அதைவிடப் பெரிய உண்மை. வாரியத்துக்குள் நடந்த சண்டையும் ஊதியத்துக்காக வீரர்கள் செய்த வேலைநிறுத்தமும் கென்யாவைக் கெடுத்தன என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆடுவதற்குத் தொடரே இல்லாத நாட்டில் எந்த நிர்வாகம் இருந்தாலும் அடுத்த தலைமுறையை எதைக் காட்டி மைதானத்துக்கு அழைத்து வந்திருக்கும்? 2011க்குப் பிறகு கென்ய ஆண்கள் அணி எந்த உலகக் கோப்பையிலும் ஆடவில்லை. 2014இல் ஒருநாள் ஆட்டத் தகுதியும் போயிற்று.

இப்போதுள்ள ஏற்பாட்டைப் பார்ப்போம். 2026 டி20 உலகக் கோப்பைக்கான ஆப்பிரிக்கத் தகுதிச்சுற்றில் முதலில் 18 அணிகள் மூன்று துணைப் பிராந்தியப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. தான்சானியா, கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளில் 2024 செப்டம்பர் முதல் நவம்பர் வரை அவை நடந்தன. ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு இடங்களைப் பெற்றவை நமீபியாவோடும் உகாண்டாவோடும் சேர்ந்து, 2025 செப்டம்பர் இறுதியில் ஹராரேயில் தொடங்கிய இறுதிச் சுற்றில் ஆடின. மீதமிருந்த 12 அணிகளுக்கு இந்த உலகக் கோப்பைச் சுழற்சி அட்டவணையிட்டுத் தந்தது ஆளுக்கு 5 ஆட்டங்கள். அடுத்த தகுதிச்சுற்று வரும்வரை, பக்கத்து நாட்டு வாரியம் மனம் வைத்து அழைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அந்தத் துணைப் பிராந்தியச் சுற்றுகளில் என்ன நடந்தது என்று உலகமே பேசியது. 2024 அக்டோபர் 23 அன்று நைரோபியின் ருவாராக்கா மைதானத்தில் ஜிம்பாப்வே, காம்பியாவுக்கு எதிராக 20 ஓவரில் 4 விக்கெட்டுக்கு 344 ரன் குவித்தது. சிக்கந்தர் ராசா 43 பந்தில் ஆட்டமிழக்காமல் 133 ரன் எடுத்தார். காம்பியப் பந்துவீச்சாளர் ஒருவர் 4 ஓவரில் 93 ரன் கொடுத்தார். காம்பியா 54 ரன்னில் ஆட்டமிழந்தது. அடுத்த மாதமே தன் சொந்த மண்ணில் நைஜீரியா 4 விக்கெட்டுக்கு 271 ரன் எடுக்க, அந்தத் தொடரில்தான் முதன்முதலாகச் சர்வதேச டி20 ஆடத் தொடங்கியிருந்த ஐவரி கோஸ்ட் 7 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. எழுத்துப்பிழை என்று யாரும் நினைக்க வேண்டாம்: பத்து விக்கெட்டும் சேர்ந்து ஏழு ரன்தான்.

இந்த எண்களை வைத்துச் சிலர், சிறிய நாடுகளுக்குச் சர்வதேசத் தகுதியே கூடாது என்றார்கள். 2019 ஜனவரி 1 முதல் எல்லா உறுப்பு நாடுகளின் ஆண்கள் அணிகளுக்கும் டி20 சர்வதேசத் தகுதி வழங்கியது உங்கள் கவுன்சில் செய்த நல்ல காரியங்களில் ஒன்று என்பது என் கருத்து. அதைத் திரும்பப் பெறுவது கதவைத் திறந்துவிட்டு உள்ளே வந்தவரைத் திட்டுவதற்குச் சமம். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. டெஸ்ட் ஆடும் நாட்டின் முதன்மை அணியும், புல்தரை ஆடுகளத்தில் பயிற்சி பெறும் வாய்ப்பே அரிதான அணியும் முதல் படியிலேயே எதிரெதிரே நிறுத்தப்படுவதுதான் கோளாறு. அந்த ஆட்டத்தில் ஜிம்பாப்வே கற்றது எதுவுமில்லை. காம்பியா கற்றதும் எதுவுமில்லை. பதிவேட்டில் ஒரு வரி சேர்ந்தது, அவ்வளவே.

படிகளை வைத்து ஏற்றிவிடும் முறை உங்களுக்குப் புதிதன்று. 2007 முதல் 2019 வரை நீங்களே நடத்திய உலக கிரிக்கெட் லீக்கில் டிவிஷன்கள் இருந்தன. மேலே வந்தவர்கள் ஏறினார்கள், கீழே போனவர்கள் இறங்கினார்கள். 2008 மே மாதம் ஜெர்சி தீவில் நடந்த ஐந்தாம் டிவிஷனில் போட்ஸ்வானா, மொசாம்பிக் போன்ற அணிகள் ஆடிய அதே தொடரில்தான் ஆப்கானிஸ்தானும் ஆடியது. அங்கே வென்று, அதே ஆண்டு அக்டோபரில் தார் எஸ் சலாம் நகரில் நடந்த நான்காம் டிவிஷனையும் வென்று, 2010இல் டி20 உலகக் கோப்பைக்கும் 2017இல் டெஸ்ட் தகுதிக்கும் ஆப்கானிஸ்தான் வந்து சேர்ந்தது. அந்த ஏணியின் ஒரு படி ஆப்பிரிக்க மண்ணில் இருந்தது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். நமீபியாவும் அப்படித்தான்: 2019 ஏப்ரலில் வின்ட்ஹூக்கில் நடந்த இரண்டாம் டிவிஷனை வென்றுதான் ஒருநாள் ஆட்டத் தகுதியைப் பெற்றது. அதன் பிறகு 2022இல் ஜீலாங்கில் இலங்கையை 55 ரன் வித்தியாசத்தில் வென்றதும், 2025 அக்டோபரில் வின்ட்ஹூக்கின் புதிய மைதானத்தில் தென்னாப்பிரிக்காவைக் கடைசிப் பந்தில் வென்றதும் எல்லோருக்கும் தெரியும். நமீபியா ஏறியதும் அந்த ஏணியை எடுத்துவிட்டீர்கள். இப்போது 50 ஓவர் உலகக் கோப்பைத் தகுதிப் பாதையில், லீக் 2 என்ற தொடரில் நமீபியாவும், அதற்கடுத்த சேலஞ்ச் லீக்கில் கென்யா, உகாண்டா, தான்சானியாவும் இருக்கின்றன; அவற்றுக்குக் கீழே நைஜீரியா, ருவாண்டா, போட்ஸ்வானா, மலாவி போன்ற அணிகளுக்கு 50 ஓவர் ஆட வழக்கமான தொடர் எதுவுமில்லை.

ஆண்டுதோறும் நடக்கும் தொடர் என்ன செய்யும் என்பதற்கு ருவாண்டாவைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1994 இனப்படுகொலைக்குப் பிறகு உகாண்டா, கென்யா, தான்சானியா போன்ற நாடுகளில் இருந்து திரும்பி வந்த அகதிகள் தங்களோடு கொண்டுவந்த ஆட்டம்தான் அங்கே கிரிக்கெட்டாக வேர்விட்டது. கொல்லப்பட்டவர்களின் நினைவாக 2014 முதல் அங்கே நடத்தப்படும் க்விபுகா மகளிர் தொடருக்குக் கிழக்கு ஆப்பிரிக்க அணிகளும், பின்னர் நைஜீரியா, போட்ஸ்வானா போன்ற அணிகளும் வந்து ஆடின. 2017இல் கஹங்காவில் ஒரு நல்ல மைதானம் திறக்கப்பட்டது. பத்து வயதில் இந்தத் தொடரைப் பார்க்கத் தொடங்கிய ஒரு சிறுமிக்கு, அடுத்த ஆண்டும் இதே மாதத்தில் இதே ஊரில் இது நடக்கும் என்ற உறுதி இருந்தது. அந்த உறுதிக்கு விலையே இல்லை. 2023இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த முதல் 19 வயதுக்குட்பட்ட மகளிர் டி20 உலகக் கோப்பையில் ருவாண்டா, ஜிம்பாப்வேயையும் மேற்கிந்தியத் தீவுகளையும் வென்றது. ஜிம்பாப்வேக்கு எதிரான ஆட்டத்தில் ஹென்ரியட் இஷிம்வே தொடர்ந்து 4 பந்துகளில் 4 விக்கெட் எடுத்தார். 2025இல் மலேசியாவில் நடந்த அடுத்த கோப்பையில் நைஜீரியச் சிறுமிகள் நியூசிலாந்தை 2 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தினார்கள். ஆண்கள் கிரிக்கெட்டுக்கு இப்படி நிலைத்த ஒரு தொடர் இந்தக் கண்டத்தில் இல்லை என்பது வியப்பாகவே இருக்கிறது.

ஆப்பிரிக்க கிரிக்கெட் சங்கத்தார் முயலவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் பெனோனியில் ஆப்பிரிக்க டி20 கோப்பை நடந்தது. 2023 ஜூனில் நைரோபியில் நான்கு அணிகளோடு ஒரு கண்டக் கோப்பை நடந்தது. 2024 மார்ச்சில் அக்ராவில் நடந்த ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டிகளில் கிரிக்கெட்டும் இடம்பெற்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அணிகள். ஒன்றில் வென்றது மற்றொன்றில் எதற்கும் உதவாது. தென்னாப்பிரிக்க வாரியம் 2015 முதல் சில ஆண்டுகள் தன் மாகாண அணிகளோடு நமீபியா, ஜிம்பாப்வே, கென்ய அணிகளையும் சேர்த்து நடத்திய ஆப்பிரிக்க டி20 கோப்பையும் அப்படியே நின்றுபோனது.

என் கோரிக்கை இதுதான். மூன்று டிவிஷன்கள் இருக்கட்டும். முதல் டிவிஷனில் நமீபியா, உகாண்டா, கென்யா, தான்சானியா, நைஜீரியா ஆகியவற்றோடு ஜிம்பாப்வேயின் ஏ அணியும் (முதன்மை அணிக்கு அடுத்த நிலை அணி) தென்னாப்பிரிக்காவின் வளரும் வீரர்கள் அணியும் ஆடட்டும். டெஸ்ட் ஆடும் முழு உறுப்பு நாடுகளின் முதன்மை அணிகள் இத்தொடரில் வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் கடைசி இடம் பிடிக்கும் இணை உறுப்பு நாடு (டெஸ்ட் தகுதி இல்லாத நாடு) இறங்க வேண்டும், கீழே வெல்வது ஏற வேண்டும். அழைப்பின் பேரில் யாரும் மேலே அமரக் கூடாது. முதல் டிவிஷனில் டி20 மட்டும் போதாது, 50 ஓவர் ஆட்டங்களும் வேண்டும். இருபது ஓவரில் அடித்து ஒளிந்துகொள்ள முடிகிற குறைகள் ஐம்பது ஓவரில்தான் வெளியே தெரியும். இதை நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாம் டிவிஷனை மட்டும் தகுதியைப் பார்த்துப் பிரிக்காமல் நிலப்பரப்பைப் பார்த்துப் பிரியுங்கள். சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இருந்தோ காம்பியாவின் பான்ஜுலில் இருந்தோ ஓர் அணி கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் பறந்து வரும் செலவில், மேற்கு ஆப்பிரிக்காவுக்குள்ளேயே இரண்டு தொடர்கள் ஆடிவிடலாம். கானா, சியரா லியோன், காம்பியா, மாலி, ஐவரி கோஸ்ட் அணிகள் லாகோஸிலோ அக்ராவிலோ தங்களுக்குள் முதலில் மோதட்டும். 2025இல் மீண்டும் இணை உறுப்பினராகச் சேர்க்கப்பட்டிருக்கும் ஜாம்பியாவுக்குத் தெற்கே இடம் கொடுங்கள். 1975இல் நடந்த முதலாவது உலகக் கோப்பையில் ஆடிய கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டணியில் அந்த நாடும் ஓர் அங்கம் என்பதை உங்கள் ஆவணங்களே சொல்லும்.

காலத்தை முடிவு செய்யும்போது மழையையும் பாருங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் மார்ச் முதல் மே வரை நீண்ட மழைக்காலம். லாகோஸில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வறண்ட காலம். ஹராரேயிலும் வின்ட்ஹூக்கிலும் மே முதல் செப்டம்பர் வரை மழை அரிது. தொலைக்காட்சி நாள்காட்டியில் மிஞ்சும் வாரங்களைத் தூக்கிக் கொடுக்காமல் இதன்படி மாதங்களை நிலையாக அறிவித்தால், இந்த அணிகளில் ஆடும் மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் ஓராண்டு முன்பே விடுப்புக் கேட்க முடியும்.

பணம் எங்கிருந்து வரும் என்பது நியாயமான கேள்வி. ஊடகங்களில் வெளியான 2024-27 பங்கீட்டின்படி, கவுன்சிலின் ஆண்டு வருவாயான சுமார் 60 கோடி டாலரில் இந்தியாவுக்கு மட்டும் 38.5 விழுக்காடு, நூறை நெருங்கும் இணை உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் சேர்த்து 11 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். அந்த வருவாயின் பெரும்பகுதி எங்களைப் போன்ற ரசிகர்கள் தொலைக்காட்சி முன் அமர்வதால் வருகிறது என்பதால், அதில் ஒரு சிறு பங்கை இப்படிச் செலவிடுங்கள் என்று கேட்கும் உரிமை எங்களுக்கும் உண்டு என்று கருதுகிறேன். எங்கள் வாரியத்தின் பங்கில் இருந்தே அது எடுக்கப்பட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

உகாண்டாவின் கதையை மட்டும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். 2023 நவம்பரில் வின்ட்ஹூக்கில் ஜிம்பாப்வேயை 5 விக்கெட் வித்தியாசத்தில் வென்று அது உலகக் கோப்பைக்குப் போனது. 2024 ஜூனில் கயானாவில் பப்புவா நியூ கினியை வென்ற ஆட்டத்தில் 43 வயது ஃபிராங்க் நிசுபுகா 4 ஓவரில் 4 ரன் கொடுத்து 2 விக்கெட் எடுத்தார். சில நாளில் அதே அணி மேற்கிந்தியத் தீவுகளிடம் 39 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. 2025இல் ஹராரேயில் லீக் சுற்றோடு வெளியேறியது. 43 வயதுக்காரரையே முக்கியமான ஓவர்களுக்கு நம்ப வேண்டியிருந்த அணிக்கு, அவருக்குப் பின்னால் வரும் இருபது வயதுக்காரர்கள் எங்கே ஆடிப் பழகுவார்கள் என்பதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

2027 அக்டோபர், நவம்பரில் தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா மூன்றும் சேர்ந்து ஒருநாள் உலகக் கோப்பையை நடத்தவிருக்கின்றன. முதல் இரண்டுக்கும் நேரடி இடம் உண்டு. நமீபியா மட்டும் தன் வீட்டில் நடக்கும் விழாவுக்கே தகுதிச்சுற்று ஆடித்தான் வர வேண்டும். விதி அப்படி இருப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோப்பைக்காக மைதானங்களும் ஒளிபரப்புக் கருவிகளும் நடுவர்களும் எப்படியும் தெற்கு ஆப்பிரிக்காவில் திரளப்போகிறார்கள். அதற்கு முந்தைய மே முதல் செப்டம்பருக்குள் இந்தத் தொடரின் முதல் ஆட்டங்களை வின்ட்ஹூக்கிலும் ஹராரேயிலும் வைத்து, அடுத்த மூன்று ஆண்டுகளுக்கான இடங்களையும் மாதங்களையும் அதே அறிவிப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னையில் இருந்து ஒரு கிரிக்கெட் ரசிகன்