டி.எம். மாணவர்கள் சேலத்துக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

புற்றுநோய், ரத்தநோய் மருத்துவத்தில் டி.எம். என்னும் உயர்சிறப்புப் படிப்புக்கான இடங்களைக் கூட்ட வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே. ஆனால் அந்த மாணவர்கள் எந்த ஊரில் நின்று கற்கிறார்கள் என்பது மட்டும் பேச்சில் வருவதில்லை.

எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. 3 ஆண்டு, நீட் எஸ்.எஸ். என்ற நுழைவுத் தேர்வெழுதி மேலும் 3 ஆண்டு டி.எம். என்று படித்து வருபவர்கள் இவர்கள். அமெரிக்காவில் ரத்தவியலையும் புற்றுநோய் மருத்துவத்தையும் ஒரே பயிற்சியில் சேர்த்துக் கற்பதுண்டு. இங்கே இரண்டும் தனித்தனிப் படிப்புகள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1984-இலேயே டி.எம். தொடங்கிவிட்டது.

ஏற்காட்டு மலையில் உள்ள நாகலூரில் காப்பித் தோட்டத்துக் கணக்கு எழுதும் என் தங்கைக்கு ஓயாத களைப்பும், இடது விலாவின் கீழ் ஒரு கனமும் இருந்தன. வெள்ளணு ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த பரிசோதனைச் சீட்டைக் கருவிக் கோளாறு என்று ஒதுக்கி, இரண்டு மாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். பிறகு வேலூரில் ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தீற்றிப் பார்த்த இளம் மருத்துவர், நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்று அன்றே சொன்னார். மரபணுச் சோதனையும் அதை உறுதி செய்தது. இன்று தினமும் இமாடினிப் மாத்திரை போட்டுக்கொண்டு அவள் வேலைக்குப் போகிறாள். அந்த மருத்துவர் டி.எம். மாணவர் என்பது பின்னர்தான் எங்களுக்குத் தெரிந்தது.

எல்லா நோயும் இப்படிக் காத்திருக்காது. கீமோ பெற்றவருக்கு வெள்ளணு குறைந்து காய்ச்சல் கண்டால், ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஏற வேண்டும் என்பார்கள். ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வருபவருக்கு, அந்த ஒரு மணி நேரத்தில் எட்டக்கூடியது சேலம்தான், சென்னையல்ல. (இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் கோப்பும் கையுமாகச் சென்னைக்குப் போகிறவர்களைச் சேலம் ஜங்ஷனில் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.)

எம்.டி., எம்.எஸ். மாணவர்கள் மாவட்ட மருத்துவமனையில் 3 மாதம் பணியாற்ற வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதேபோல் ரத்தவியல், புற்றுநோய் மருத்துவ டி.எம். மாணவர்களையும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுழற்சி முறையில் அனுப்பலாம். வழிகாட்டப் பேராசிரியர் இல்லாமல் மாணவரை மட்டும் அனுப்புவது நோயாளிக்கும் நல்லதல்ல, படிப்புக்கும் நல்லதல்ல. ஆகவே பேராசிரியருக்கான பணியிடத்தை முதலில் உறுதி செய்துவிட்டு, மருத்துவக் கல்வி இயக்ககம் இதைப் பரிசீலிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.