ஒன்பதாம் வகுப்பு ஆங்கில நோட்டில் ஏன் இவ்வளவு அடித்தல் திருத்தல்?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரக் கூட்டத்தில் ஓர் அப்பா தன் மகனின் ஆங்கில நோட்டை என் மேஜைமேல் விரித்து வைத்தார். ஒரே பக்கத்தில் நான்கு நிற மை. பாதி வரிகள் அடிக்கப்பட்டிருந்தன. ஓரத்தில் வேறொரு பிள்ளையின் கையெழுத்தில் ‘எந்த சர்ச்?’ என்று தமிழில் ஒரு கேள்வி. "போன வருஷ நோட்டு முத்து முத்தா இருந்துச்சு சார். இந்த வருஷம் இப்படிக் கிடக்கு. டீச்சர் நோட்டைப் பார்க்கிறதே இல்லையா?" என்று கேட்டார். நின்றவாக்கில் அவருக்குச் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வருட நோட்டு முத்து முத்தாக இருந்ததற்குக் காரணம், அதில் இருந்தது பிள்ளைகள் எழுதியதல்ல. பலகையில் எழுதிப் போட்ட கட்டுரையைப் பார்த்து எழுதியது. எல்லா நோட்டிலும் அதே வரி, அதே கமா. ஜூன் மாதம் ஆங்கில ஆசிரியை ஒரு சின்ன வேலை கொடுத்தார். நம் தரங்கம்பாடிக்கு வருகிறவருக்கு ஊரைப் பற்றி ஐந்து வாக்கியம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பலர் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிலர் எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த தஞ்சைப் பெரிய கோயில் கட்டுரையை எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எழுதினார்கள். 1620-இல் ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டேனியர்கள் கட்டிய கோட்டையை, ராஜராஜ சோழன் கட்டியதாக ஒரு பையன் எழுதியிருந்தான். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை!

சரி, ஊரைப் பார்க்க வருகிறவர்கள் கையில் வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி ஒரு சிறு கையேட்டைப் பிள்ளைகளே எழுதட்டும் என்று முடிவு செய்தோம். இந்தப் பருவத்தின் செயல்திட்டம் அதுதான். செயல்திட்டம் என்றதும் சார்ட் பேப்பர், தெர்மாகோல், பிரவுசிங் சென்டரில் வண்ணப் பிரிண்ட் அவுட் என்று உங்கள் பர்ஸ் நடுங்குவது எனக்குத் தெரியும். இதற்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா போதும்.

நான்கு பேருக்கு ஒரு குழு. கோட்டை ஒரு குழுவுக்கு, கிங் ஸ்ட்ரீட் ஆலயங்கள் ஒரு குழுவுக்கு, கடலோர மாசிலாமணிநாதர் கோயில் ஒரு குழுவுக்கு, சாப்பாடு, பஸ், கழிப்பறை ஒரு குழுவுக்கு என்று பிரித்தோம். கடைசிக் குழுவுக்குப் போகத்தான் முதலில் யாரும் முன்வரவில்லை. இப்போது அந்தக் குழுவுக்குத்தான் வேலை அதிகம்.

நோட்டின் ஓரத்தில் இருந்த ‘எந்த சர்ச்?’ என்ற கேள்விக்கு வருகிறேன். ஆலயக் குழு எழுதிய முதல் படியை, அதாவது முதல் வரைவை, தமிழ் எழுத்தில் சொன்னால் இப்படி: "வாக் ஸ்ட்ரெயிட். யூ வில் ஸீ சர்ச். லுக் அட் இயர் 1718 ஆன் த ஃப்ரண்ட்." அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை ஆசிரியையோடு போனார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவிடம் கொடுத்து, இதைப் படித்துக்கொண்டு நடந்து காட்ட முடியுமா என்று கேட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே நடந்தார். சீயோன் ஆலயத்தின் முன் நின்று 1718 என்ற எண்ணைத் தேடினார். எப்படிக் கிடைக்கும்? அது 1701-இல் கட்டியது. 1718 என்ற எண் இருப்பது அதே தெருவில் உள்ள புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில். இரண்டு ஆலயம் உள்ள தெருவில் வெறுமனே ‘சர்ச்’ என்றால் எதை என்று நினைப்பார்? நம் பிள்ளைகள் பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

ஆங்கிலத்தில் ‘ஏ’ (a) எங்கே வரும், ‘த’ (the) எங்கே வரும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுக்கிறோம். தமிழில் அப்படி ஒன்று இல்லாததால் பிள்ளைகளுக்கு அது வீண் தொல்லையாகத்தான் படும். திங்கட்கிழமை அந்தக் குழு தானாகவே வந்து, இரண்டு ஆலயம் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு ‘1718 என்று எழுதியிருக்கும் அந்த ஆலயம்’ என்று பிரித்துச் சொல்ல ஆங்கிலத்தில் என்ன வழி என்று கேட்டது. நான் 27 வருடமாக வகுப்பறையில் நிற்கிறேன். இந்தக் கேள்வியை ஒரு மாணவன் கேட்டு இதுவரை கேட்டதில்லை.

கோட்டைக் குழுவின் கதையும் அதேதான். முதல் படி முழுக்க வருடங்கள். 1620, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றது, எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்று எழுதவில்லை. வெள்ளிக்கிழமை வந்து பூட்டிய கதவைப் பார்க்கிறவருக்கு 1620 எதற்கு? இப்போது விடுமுறை முதல் வரியில் இருக்கிறது. சுனாமியைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று ஒரு பெரிய சண்டையே நடந்தது. 2004-இல் இவர்களில் ஒருவரும் பிறக்கவில்லை. வீட்டில் கேட்டுவிட்டு வந்தார்கள். இரண்டு வரி எழுதுவது என்று தீர்மானமாயிற்று. அந்த இரண்டு வரியை ஏழு தடவை மாற்றி எழுதினார்கள்.

உங்களில் சிலர் கேட்ட கேள்விகள் இன்னும் உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்ப்பது காப்பி அடிப்பதுதானே என்றார் ஒரு அம்மா. நம் ஊர்க் கதையையே சொல்கிறேன். 1706-இல் இங்கே வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார். ஒன்பது வருடத்தில் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்துவிட்டார்.

என் பெண்தான் எல்லாவற்றையும் எழுதுகிறாள், மற்ற மூன்று பேர் வேடிக்கை பார்க்கிறார்கள் என்ற புகார் நியாயமானது. இரண்டு வருடத்துக்கு முன் ஆறு பேர் கொண்ட குழு வைத்துப் பார்த்தோம். இரண்டு பேர் எழுதினார்கள், நான்கு பேர் பேனாவுக்கு மூடி போட்டார்கள். அது எங்கள் தவறு. நான்கு நிற மை அதற்காகத்தான் வந்தது. நீலம், கறுப்பு, ஊதா, பிங்க், ஆளுக்கு ஒன்று. யார் எந்த வரியை எழுதினார்கள், யார் எந்தச் சொல்லை மாற்றினார்கள் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். மதிப்பெண்ணில் பாதி குழுவுக்கு, பாதி தனித்தனியாக.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசுகிறார்களே என்றால், ஆமாம், பேசுகிறார்கள். என்ன சொல்வது என்று தமிழில் அடித்துக்கொள்ளட்டும், எழுதுவது ஆங்கிலத்தில் வந்தால் போதும்.

அடுத்த வருடம் பொதுத்தேர்வு இருக்கிறதே என்ற கவலை எனக்கும் உண்டு. ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன், இந்த வேலையால் பாடத்தில் இரண்டு யூனிட் பின்தங்கிவிட்டோம். அதை மாலை வகுப்பில் ஈடுகட்டுகிறோம். ஆனால் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் வழி சொல்லும் கேள்வி, கடிதம், விளம்பரம், அறிவிப்பு எல்லாம் பிள்ளை சொந்தமாக எழுத வேண்டியவை. கைடில் இருக்கும் கட்டுரையை ஒப்பித்தவனுக்குத் தலைப்பு கொஞ்சம் மாறினாலே கை நின்றுவிடும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிள்ளை கேட்டால் ஊர்க் கதையைத் தமிழிலேயே சொல்லுங்கள். மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனதைப் பற்றி ஒரு மாணவியின் தாத்தா சொன்னது எந்த இணையதளத்திலும் கிடையாது. அப்புறம், செல்போனில் மொழிபெயர்த்தோ, கேட்டால் எழுதித் தரும் செயலிகளில் வாங்கியோ அனுப்ப வேண்டாம். ஒரு குழு கொண்டுவந்த பத்தியில் ‘நெசல்டு’ (nestled, இதமாகப் பொதிந்திருக்கும்) என்று ஒரு சொல் இருந்தது. அர்த்தம் என்ன என்று ஆசிரியை கேட்டார். நான்கு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். நோட்டில் அடித்தல் இருந்தால் திட்டாதீர்கள், புது நோட்டில் அழகாகத் திரும்ப எழுதவும் சொல்லாதீர்கள். எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு வந்தார்கள் என்று பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறோம்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு இரண்டாம் படியோடு மறுபடி கோட்டைக்குப் போகிறோம். இணைத்திருக்கும் சீட்டில் கையெழுத்திட்டு வியாழனுக்குள் அனுப்புங்கள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் அவசியம், கோட்டை முன் மைதானத்தில் நிழல் கிடையாது. பேனா வாங்கித் தருகிறவர்கள் பச்சை மட்டும் வாங்க வேண்டாம். கடைசிப் படியை நானும் படித்துக் குறிப்பு எழுத வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், அந்த நிறம் எனக்கு.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்