அந்தச் சிறுநீர் ட்யூப் இன்றைக்கும் தேவையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் நலம் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மருத்துவமனையில் படுத்திருக்கும் வயதானவர் திடீரென்று மாற்றிப் பேசினால் அது சிறுநீர்த் தொற்றுதான், உடனே யூரின் டெஸ்ட் எடுத்து ஆன்டிபயாடிக் தொடங்கச் சொல்லுங்கள் என்று அதில் இருந்தது. தொற்று வந்தால் முதியவர்களுக்குக் குழப்பம் வரலாம் என்பது உண்மை. ஆனால் குழப்பம் வந்தாலே தொற்றுதான் என்று எடுத்துக்கொள்வது பல பேருக்குக் கெடுதலாக முடிகிறது. மருத்துவமனையில் வந்து சேரும் சிறுநீர்த் தொற்றுகளில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு, சிறுநீர்ப் பைக்குள் போடும் ட்யூபோடு சேர்ந்து வருபவை. அந்த ட்யூபைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

முதலில் டெஸ்ட் விஷயம். சிறுநீரில் கிருமி இருந்தாலே தொற்று ஆகிவிடாது. முதியோர் இல்லங்களில் வாழும் பெண்களில் நூற்றுக்கு 25 முதல் 50 பேருக்கும், ஆண்களில் 15 முதல் 40 பேருக்கும், எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். ட்யூப் போட்டிருந்தால் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிருமி சேரும். ஒரு மாதம் தாண்டினால் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். ட்யூபின் சுவரில் வழவழப்பாக ஒரு படலம் கட்டி, அதற்குள் கிருமி குடியிருக்கும். மருந்து அங்கே சரியாக எட்டாது. இவர்களுக்குக் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) அனுப்பினால் ‘ஈ.கோலை என்ற குடல் கிருமி, ஒரு மில்லியில் ஒரு லட்சத்துக்கு மேல்’ என்றுதான் வரும். பஸ் செல், அதாவது சீழ் அணு, நிறைய இருக்கிறது என்பதும் அதே கதைதான். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: காய்ச்சலோ, சிறுநீர்ப் பாதை அறிகுறியோ, ரத்த அழுத்தச் சரிவோ இல்லாமல் குழப்பம் மட்டும் இருக்கும் முதியவருக்கு, கிருமி தெரிகிறது என்பதற்காக ஆன்டிபயாடிக் கொடுக்காமல், வேறு காரணத்தைத் தேடிக்கொண்டே கூர்ந்து கவனிக்க வேண்டும்.

அந்த வேறு காரணங்கள் பெரும்பாலும் கட்டிலைச் சுற்றியே இருக்கும். நாலு நாளாக மலம் போகவில்லையா? அடிவயிறு கல் மாதிரி இருக்கிறதா, சிறுநீர் உள்ளே கட்டியிருக்கிறதா? ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறதா? பிரஷருக்குக் கொடுக்கும் தயசைடு வகை மாத்திரைகள் முதியவர்களுக்குச் சோடியத்தைச் சத்தமில்லாமல் இறக்கிவிடும். ஆக்சிஜன் அளவு, சர்க்கரை, வலி, தூக்கமில்லாத இரவுகள், வீட்டிலேயே விட்டுவந்த கண்ணாடி, காது மெஷின் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அரிப்புக்கோ தூக்கத்துக்கோ போடும் அவில், சிபிஎம் போன்ற பழைய அலர்ஜி மருந்துகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவை குழப்பத்தையும் உண்டாக்கும், சிறுநீரையும் கட்டவைக்கும். சிறுநீர் கட்டியதும் ட்யூப் போடுவார்கள், ட்யூபால் கிருமி சேரும், கிருமியைப் பார்த்துக் குழப்பத்துக்குக் காரணம் தொற்று என்பார்கள். தொடங்கிவைத்த ஆன்டிபயாடிக் ஊசி மட்டும் கேஸ் ஷீட்டில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் எப்போது அவசரம்? குளிர் நடுக்கம், 100.4 டிகிரி காய்ச்சல், விலாவுக்குப் பின்புறம் வலி, தொப்புளுக்குக் கீழே தொட்டால் வலி, புதிதாக வந்த எரிச்சல் ஆகியவை தொற்றின் அடையாளங்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சல் அவ்வளவு ஏறாமலும் போகலாம். வழக்கமான சூட்டைவிட 2 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினாலே கணக்கில் எடுக்க வேண்டும். ரத்த அழுத்தம் இறங்கி, மூச்சு வேகமாகி, கை கால் சில்லிட்டால் ஒரு நிமிடமும் தள்ளிப்போடக் கூடாது. ரத்தக் கல்ச்சரும் சிறுநீர்க் கல்ச்சரும் எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். அங்கே நான் சொல்லும் நிதானத்துக்கு இடமே இல்லை.

கல்ச்சர் எடுக்கும் விதத்திலேயே பல தப்புகள் நடக்கின்றன. ட்யூபோடு மாட்டிய பையில் தேங்கிய நீரைத் திறந்து பிடித்து அனுப்பினால் அது பையின் கல்ச்சர். ட்யூபின் பக்கத்தில் இருக்கும் சாம்பிள் துளையை ஸ்பிரிட்டால் துடைத்து, சிரிஞ்சால் எடுக்க வேண்டும். ட்யூப் இரண்டு வாரத்துக்கு மேல் பழையது என்றால், அதை எடுத்துவிட்டுப் புதுசு போட்டு, புதிதிலிருந்து எடுத்தால்தான் நம்பலாம். எடுத்த பாட்டில் ஜன்னல் ஓரத்தில் வெயிலில் காத்திருக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். வெதுவெதுப்பில் ஈ.கோலை சுமார் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும்.

இனி ட்யூப். சிறுநீர் அடைத்துக்கொண்டவருக்கு, மணிக்கு மணி அளவு பார்க்க வேண்டிய ஐசியூ நோயாளிக்கு, சில அறுவைகளுக்கு, முதுகின் அடியில் வந்த படுக்கைப் புண்ணில் சிறுநீர் பட்டு ஆறாமல் இருப்பவருக்கு, அசைக்கவே கூடாத எலும்பு முறிவுக்கு, கடைசிக் காலத்தில் வேதனை குறைய அது வேண்டும். படுக்கையிலேயே போய்விடுகிறார் என்பதற்காகவும், இரவில் எழுந்தால் விழுந்துவிடுவார் என்ற பயத்துக்காகவும், கூட இருப்பவர் தூங்க வேண்டும் என்பதற்காகவும் போடக் கூடாது. இது குடும்பங்களுக்கும் சேர்த்துத்தான். “சிஸ்டர், அப்பாவுக்கு ஒரு ட்யூப் போட்டுவிடுங்களேன்” என்று கேட்பது நம் வார்டுகளில் சாதாரணம். களைப்பில் கேட்கிறார்கள், புரிகிறது. ஆனால் ட்யூப் அவரைக் கட்டிலோடு கட்டிப்போடும். நடை போகும், புண் வரும். குழப்பத்தில் இருப்பவர் உள்ளே பலூன் ஊதியபடியே அதைப் பிடித்து இழுத்து ரத்தம் கொட்டவும் செய்யும். யூரினல், பெட்பேன், கட்டிலோரக் கமோட் நாற்காலி, இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை கேட்டுக் கேட்டுக் கூட்டிப்போவது, நனைந்த உடனே டயப்பர் மாற்றுவது, அடைப்பில்லாத ஆண்களுக்கு வெளியே உறைபோல் மாட்டும் காண்டம் கதீட்டர் என்று எத்தனையோ வழிகள் இருக்கின்றன.

போட்டே ஆக வேண்டும் என்றால் பெண்களுக்கு 12 அல்லது 14 சைஸ், ஆண்களுக்கு 14 அல்லது 16 போதும். ஓரத்தில் கசிகிறது என்று பெரிய சைஸாக மாற்றுவது பயன் தராது. பெரும்பாலும் சிறுநீர்ப் பை சுருங்கி இறுகுவதால்தான் கசியும், தடித்த ட்யூப் அதைக் கூட்டவே செய்யும். ஆண்களுக்கு மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல்லி 10 மில்லியை உள்ளே செலுத்தி மூன்று நான்கு நிமிடம் பொறுக்க வேண்டும். ட்யூபை அது இரண்டாகப் பிரியும் கவைவரை முழுதாக உள்ளே தள்ளி, சிறுநீர் வந்ததைப் பார்த்த பிறகே பலூனில் 10 மில்லி ஸ்டெரைல் வாட்டர் ஏற்ற வேண்டும். பாதி வழியில் ஊதினால் மூத்திரக் குழாய் கிழியும். முடித்ததும் பின்னுக்குத் தள்ளிய முன்தோலை மறக்காமல் பழைய இடத்துக்கு இழுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் சில மணி நேரத்தில் வீங்கி இறுகிவிடும்.

போட்ட பிறகு வரும் தொற்றில் நிறையப் பங்கு பையைக் கையாளுவதில் இருக்கிறது. ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது பாருங்கள்: யூரோபேக்கைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேலோ கால் நடுவிலோ வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவார்கள். பையில் கிடந்த நீர் அப்படியே திரும்பிச் சிறுநீர்ப் பைக்குள் ஓடும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். ட்யூபைத் தொடையில் கொஞ்சம் தளர்வு விட்டுப் பிளாஸ்திரியால் ஒட்ட வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும். ஒரே ஜக்கை வரிசையாக ஆறு கட்டிலுக்கும் கொண்டுபோகக் கூடாது. ஆளுக்கொரு ஜக், ஆளுக்கு ஆள் கை கழுவல். ட்யூபும் பையும் சேரும் இடத்தைக் கழற்றவே கூடாது. ட்யூப் உள்ளே போகும் இடத்தைச் சுற்றித் தினமும் சோப்புத் தண்ணீரால் கழுவினால் போதும், பெட்டடின் தேவையில்லை. ட்யூப் இருக்கிறதே என்று முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாடிக் கொடுப்பது அடுத்த தொற்றை மருந்துக்கு அடங்காத கிருமியாக்கும் வழி.

ட்யூபை எடுப்பதற்கு முன் க்ளாம்ப் போட்டு அடைத்து அடைத்துத் திறந்து சிறுநீர்ப் பையைப் ‘பழக்குவது’ இன்னும் பல இடங்களில் நடக்கிறது. சில நாள் மட்டும் இருந்த ட்யூபுக்கு அதனால் பயன் எதுவும் இல்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. நேரம்தான் வீணாகிறது. மலச்சிக்கலைச் சரிசெய்துவிட்டு, ப்ராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் போகும் வழியைத் தளர்த்தும் டாம்சுலோசின் இரண்டு மூன்று நாள் கொடுத்துவிட்டு, அதிகாலையில் எடுத்தால் பகலெல்லாம் கவனிக்கலாம். ஆறு மணி நேரத்தில் போகவில்லை என்றாலோ, போன பிறகும் ஸ்கேனில் 300, 400 மில்லி மிச்சம் இருந்தாலோ, உடனே நிரந்தர ட்யூபுக்குத் தாவாமல், அவ்வப்போது ட்யூப் விட்டு வடித்து உடனே எடுத்துவிடும் முறையை முயலலாம்.

மருந்தில் ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். 80 வயது அம்மா, 45 கிலோ, கிரியாட்டினின் 1.2. ரிப்போர்ட்டைப் பார்த்துக் ‘கிட்னி நார்மல்’ என்று சொல்லிவிடுவோம். 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 மடங்கு கிரியாட்டினினால் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால், கிட்னி வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 27 மில்லிதான் வருகிறது. இவருக்கு நைட்ரோஃப்யூரன்டாயின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் சிறுநீரில் போதுமான அளவு சேராது, பக்க விளைவுதான் மிஞ்சும். மற்ற ஆன்டிபயாடிக்குகளில் அமிக்காசின் கிட்னியையும் காதையும் கெடுக்கலாம். சிப்ரோஃப்ளாக்சாசின் குழப்பத்தையே கூட்டும், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்குச் சர்க்கரையை இறக்கும். கோட்ரைமாக்சசோல், லோசார்டன் வகை பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால் பொட்டாசியம் ஏறும். நீர்க்கடுப்புக்கு நாம் அன்போடு வாங்கிப்போகும் இளநீரும் கிட்னி பலவீனமானவருக்கு இதே காரணத்தால் ஆபத்து, டாக்டரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

இந்தியாவிலேயே முதியோர் மருத்துவத்துக்கென்று தனிப் பிரிவை 1978-இல் தொடங்கியது சென்னை மருத்துவக் கல்லூரிதான். கிண்டியில் 2024-இல் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் வந்துவிட்டது. இப்படிப்பட்ட தமிழ்நாட்டில், ட்யூப் போட்ட தேதியைப் பையின் மேல் எழுதி ஒட்டுவதும், காலை ரவுண்ட்ஸில் ஒவ்வொரு ட்யூபுக்கும் அன்றைய காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதுவதும், காரணம் இல்லாவிட்டால் டியூட்டி செவிலியரே எடுத்துவிட அதிகாரம் கொடுப்பதும் எல்லா மருத்துவமனைகளிலும் கட்டாயமாக வேண்டும். இதற்குச் செலவு ஒரு பேனாதான். உங்கள் கட்டுரையில் உள்ள அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வீட்டுக்கு அழைத்துப்போகும் பிள்ளைகளுக்கும் ஒன்று: ட்யூபோடு டிஸ்சார்ஜ் செய்தால், போட்ட தேதி, போட்ட காரணம், எடுக்க வேண்டிய தேதி, எங்கே வந்து எடுப்பது என்ற நான்கும் சம்மரியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

இப்படிக்கு,
முதியோர் நல மருத்துவர்,
மதுரை.