நிவிக்கு, கிரீன்லாந்து விஷயமா

நிவி பாப்பா,

நீ டென்மார்க்ல இருந்து அனுப்புன போட்டோவ பாத்தேன், கடை ஷெல்ஃப்ல விலை ஸ்டிக்கர் மேல சின்னதா ஒரு கருப்பு ஸ்டார் போட்டு இது ஐரோப்பா கம்பெனி சரக்குன்னு காட்டறாங்களே, அது. உங்க அப்பா பாத்துட்டு இதெல்லாம் நாலு நாள் கூத்து அடங்கிடும்னு சொன்னார், எனக்கு அப்படித் தோணல. டென்மார்க்ல சூப்பர்மார்க்கெட் நடத்தற சாலிங் குரூப் மாதிரி அவ்ளோ பெரிய கம்பெனி தன்னோட கடை பூரா இத பண்ணுதுன்னா வாங்க வர்ற ஜனம் கேட்டுதான் பண்ணியிருக்கு. அமெரிக்காவ அவ்ளோ நம்பின நாடு அது, அந்த ஜனமே பொருள திருப்பித் திருப்பி பாத்து எந்த ஊர் கம்பெனின்னு தேடுதுன்னா மனசு எவ்ளோ விட்டுப் போயிருக்கும்னு யோசிச்சு பாரு.

உன் ரூம்மேட், டென்மார்க்கோட சேர்ந்த கிரீன்லாந்து பாதுகாப்புக்கு வேணும்னு அமெரிக்க பிரசிடென்ட் ட்ரம்ப் கேக்கறதுல என்ன தப்புன்னு சொல்றா, அதுக்கு எனக்கு பதில் தெரியலம்மான்னு எழுதியிருந்த. வருஷக்கணக்கா பிள்ளைங்களுக்கு ஹிஸ்டரி எடுத்தவ நான், இத போன்ல ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிக்க மனசு வரல, அதான் எழுதறேன்.

வேணும்ங்கறது உண்மைதான். ரஷ்யாவுல இருந்து அமெரிக்காவுக்கு ஒரு ஏவுகணை கிளம்பிச்சுன்னா அது வடதுருவம் பக்கமா கிரீன்லாந்த ஒட்டித்தான் வரும், அத முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் அங்க பிடுஃபிக்ங்கற இடத்துல அவங்க ராணுவ பேஸ் இருக்கு, முந்தி தூலேன்னு சொல்லுவாங்க. ஆனா கவனிச்சியா, பேஸ் ஏற்கனவே இருக்கு! 1951-ல டென்மார்க்கும் அமெரிக்காவும் போட்ட பாதுகாப்பு ஒப்பந்தம் இன்னிக்கும் உயிரோடதான் இருக்கு. ஒரு காலத்துல ஆயிரக்கணக்குல ஆளுங்கள அங்க வச்சிருந்தாங்க, இப்ப 200 பேருக்குள்ளதான், குறைச்சது அமெரிக்காவேதான், டென்மார்க் ஒண்ணும் துரத்தல. இன்னும் ஆள் வேணும், ரேடார் வேணும்னா அந்த ஒப்பந்தத்த வச்சே உக்காந்து பேசி வாங்கிக்கலாம், டென்மார்க் பேச மாட்டேன்னு சொன்னதே இல்ல. குத்தகைக்கு நிலத்த கொடுத்து கூடவே காவலுக்கும் நிக்கறவன்கிட்ட போய் பட்டாவ என் பேருக்கு மாத்துன்னு கேட்டா அவனுக்கு எப்படி இருக்கும்?

இன்னும் பின்னாடி போறேன், இது ரொம்ப முக்கியம். 1940 ஏப்ரல்ல ஹிட்லர் படை டென்மார்க்க பிடிச்சிடுச்சு. அப்ப வாஷிங்டன்ல டென்மார்க் தூதரா இருந்தவர் ஹென்ரிக் காஃப்மன், ஜெர்மன்காரன் பிடியில இருக்குற கவர்மெண்ட் சொல்றத நான் கேக்க மாட்டேன்னு நின்னு, சரியா ஒரு வருஷம் கழிச்சு 1941 ஏப்ரல் 9-ம் தேதி, கிரீன்லாந்துல அமெரிக்கா பேஸ் கட்டிக்கலாம்னு தானே கையெழுத்து போட்டுட்டார். கோபன்ஹேகன்ல இருந்து அவர டிஸ்மிஸ் பண்ணாங்க, தேசத்துரோக வழக்கு போட்டாங்க, மனுஷன் அசையல. கிரீன்லாந்துல எடுத்த கிரையோலைட்ங்கற தாதுவ வச்சுத்தான் அலுமினியம் எடுத்தாங்க, அந்த அலுமினியம்தான் விமானமாச்சு. போர் முடிஞ்சதும் டென்மார்க் பார்லிமெண்ட் அவர் போட்ட ஒப்பந்தத்த ஏத்துக்கிச்சு. அதாவது தன் நாடு அடிமையா கிடந்த நேரத்துலயும் ஒரு டேனிஷ்காரர் அமெரிக்காவ நம்பி இவ்ளோ பெரிய நிலத்துல இடம் கொடுத்தார்.

அப்புறம் ட்ரூமன், அவரும் புது பிரசிடென்ட்தான், 1945-ல ரூஸ்வெல்ட் செத்ததும் வந்தவர். 1946-ல அவரோட கவர்மெண்ட், 10 கோடி டாலருக்கு தங்கம் தர்றோம் கிரீன்லாந்த வித்துடுங்கன்னு கேட்டுச்சு, டென்மார்க் முடியாதுன்னுடுச்சு. ட்ரூமன் என்ன பண்ணார் தெரியுமா, மிரட்டல, வரி போடுவேன்னு சொல்லல, விட்டுட்டார். மூணே வருஷத்துல 1949-ல நேட்டோங்கற ராணுவக் கூட்டணி ஆரம்பிச்சப்ப முதல் 12 நாட்டுல டென்மார்க்கும் ஒண்ணு, அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு அந்த 1951 ஒப்பந்தம். காசு கொடுத்து வாங்க முடியாதது நட்புல வந்துச்சு. உன் ரூம்மேட்டுக்கு இத சொல்லு, கேட்டதுல தப்பில்ல, இல்லன்னு சொன்னதுக்கு அப்புறம் எப்படி நடந்துக்கறாங்கங்கறதுலதான் எல்லாமே இருக்கு. ட்ரம்ப் பதவி ஏத்துக்கறதுக்கு முன்னாடியே, 2025 ஜனவரி 7-ம் தேதி பிரஸ் மீட்ல, ராணுவத்த பயன்படுத்த மாட்டேன்னு உறுதி தர முடியாதுன்னு சொன்னார். யார பாத்து? தன்னோட கூட்டாளி நாட்ட பாத்து.

எனக்கு நிஜமாவே வயிறு எரிஞ்சது உன் ஆபீஸ்ல ஆப்கானிஸ்தான் போர்ல ஹெல்மண்ட் போய்ட்டு வந்த அந்த சீனியர் பத்தி நீ எழுதுனப்பதான். நேட்டோல அஞ்சாவது ஷரத்துன்னு ஒண்ணு, ஒருத்தர அடிச்சா எல்லாரையும் அடிச்ச மாதிரின்னு. இத்தன வருஷத்துல அத ஒரே ஒரு தடவதான் எடுத்தாங்க, அதுவும் அமெரிக்காவுக்காக, 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு மறுநாள். 60 லட்சம் பேர் இருக்குற குட்டி நாடு டென்மார்க், ஆப்கானிஸ்தான்லயே மோசமான ஹெல்மண்டுக்கு பசங்கள அனுப்பி 40-க்கும் மேல உயிர பறிகொடுத்தது. ஜனத்தொகைய வச்சு பாத்தா அமெரிக்காவுக்கு ஈடான இழப்பு. அந்த சீனியர் தன்னோட வேலை செஞ்ச ஆள அங்க பறிகொடுத்துட்டு வந்திருக்கார், இன்னிக்கு டிவியில அமெரிக்க வைஸ் பிரசிடென்ட் ஜே.டி. வான்ஸ் டென்மார்க் நல்ல கூட்டாளி இல்லங்கற மாதிரி பேசறத கேக்கறார், அவர் லஞ்ச்ல ஒண்ணுமே பேசலன்னு சொன்னியே, என்னத்த பேசுவார் பாவம்.

அதுக்காக டென்மார்க் ஒண்ணும் சுத்தம்னு சொல்ல மாட்டேன். கிரீன்லாந்து பொண்ணுங்களுக்கு கேக்காமலே கர்ப்பத்தடை சாதனம் வச்சு விட்டாங்க, சின்ன பொண்ணுங்களுக்கு கூட. வான்ஸ் 2025 மார்ச் 28-ம் தேதி பிடுஃபிக் போய் நின்னு டென்மார்க் உங்கள நல்லா பாத்துக்கலன்னு சொன்னார், அதுல ஒரு பாதி உண்மை இருக்கு. ஆனா அவர் நின்ன இடம் எது? அதே பேஸ பெருசாக்கறதுக்காக 1953-ல அங்க இருந்த ஜனத்த சில நாள்ல காலி பண்ணச் சொல்லி 100 கிலோமீட்டருக்கு மேல வடக்கால துரத்துனாங்க, டென்மார்க் செஞ்சது, ஆனா அமெரிக்காவுக்காக செஞ்சது. அத பத்தி அவர் மூச்சு விடல. அவர் போனப்புறம், அந்த பேச்சு இந்த பேஸோட கருத்து இல்லன்னு அங்க இருந்த எல்லாருக்கும் மெயில் போட்ட அமெரிக்க கமாண்டர் அம்மாவ பதவிய விட்டே எடுத்துட்டாங்க.

விக்கிறது வாங்கறதுன்னு பேச்சு வந்தா நமக்கும் அதுல ஒரு பங்கு இருக்குடி. தரங்கம்பாடிய 1845-ல டென்மார்க் இங்கிலீஷ்காரனுக்கு வித்துச்சு, வங்காளத்து சீராம்பூரோட சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு. கோட்டை, தெரு, ஜனம் எல்லாம் கை மாறுச்சு, நம்ம ஊர்க்காரன ஒருத்தன் கேக்கல. 1917-ல கரீபியன்ல மூணு தீவ 2.5 கோடி டாலருக்கு அமெரிக்காவுக்கே வித்தாங்க, அங்கயும் அந்த ஜனத்துக்கு ஓட்டு கிடையாது. கிரீன்லாந்துக்கு அப்படி இல்ல. 2009 சட்டப்படி தனியா போறதா இல்லையான்னு முடிவு பண்ற உரிமை அங்க இருக்குற 57,000 பேருக்குத்தான். டென்மார்க் நெனச்சாக்கூட விக்க முடியாது. 2025 ஜனவரில எடுத்த கருத்துக் கணிப்புல 85 சதவீதம் பேர் அமெரிக்காவோட சேர வேணாம்னு சொன்னாங்க, அவங்களுக்கு டென்மார்க் மேலயும் கோவம் இருக்கு, சுதந்திரமும் வேணும், ஆனா ஒருத்தன்கிட்ட இருந்து இன்னொருத்தன்கிட்ட போறதுக்கு இல்ல.

எனக்கு பயம் கிரீன்லாந்தோட நிக்காதுங்கறதுதான். கனடாவ 51-வது மாநிலம்னு சொல்லியாச்சு. எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூணும் ரஷ்யா பக்கத்துலயே உக்காந்துகிட்டு, நமக்கு ஒண்ணுன்னா அமெரிக்கா வரும்னு நம்பித்தான் தூங்குதுங்க. டென்மார்க்குக்கே இந்த கதின்னா அவங்க என்ன நெனப்பாங்க. 2025 ஜூன்ல ஹேக்ல நடந்த நேட்டோ மாநாட்டுல காச கூட்டி வைக்கறோம்னு சொல்லி சமாளிச்சாங்க, காசு பிரச்சினையாவது தீரும், இந்த மனக்கசப்பு அதுல தீராது.

ரூம்மேட்கூட சண்டை போடாத, அவ நியாயமாத்தான் கேட்டிருக்கா, 1951 ஒப்பந்தம் நெட்லயே கிடைக்கும், ரெண்டு பேருமா உக்காந்து படிங்க. அந்த சீனியர்கிட்ட அம்மா விசாரிச்சாங்கன்னு சொல்லு, எந்த வருஷம் போனார், எங்க இருந்தார்னு அவரா சொன்னா மட்டும் கேட்டு எழுது, நீயா தோண்டாத. அப்பா மாத்திரை சரியா போடறார். அடுத்த வாரம் நீ ஜட்லாந்து போறேன்னியே, ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போ.

அம்மா